உயர்நிலைப் பள்ளியின் முதலாண்டில் சேரும் மகளுக்குத் திறன்பேசி வாங்கித் தரலாமா?

நீங்களும் உங்கள் கணவரும் வேலைக்குச் செல்பவர்கள், பிள்ளை தனியாக வீடு திரும்புவாள், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். வாங்கித் தாருங்கள், ஆனால் இரவில் அது அவளுடைய படுக்கையறைக்குள் போகக்கூடாது.

2022இல் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வு முடிந்ததும் என் மகளுக்கு ஒன்று வாங்கினோம். 7 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி வேலை நீங்கலாக நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான திரைநேரமே நல்லது என்று இப்போது சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சு சொல்கிறது. நானும் அப்போது மணிக்கணக்கை மட்டுமே பார்த்தேன். விளையாட்டுக்கும் காணொளிக்கும் கட்டுப்பாடு வைத்தேன். வாட்ஸ்அப்பை மட்டும் விட்டுவைத்தேன், ஏனென்றால் அவளுடைய துணைப்பாட நிலையம் இரவு பத்து மணிக்குக்கூட அதில்தான் வீட்டுப்பாடம் அனுப்பும். பிள்ளை உறங்கவேண்டிய நேரத்தில் வேலை அனுப்பாதீர்கள் என்று இருமுறை கேட்டும் அவர்கள் மாற்றிக்கொள்ளவில்லை; அந்தக் கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

அடுத்த ஆண்டின் நடுவில் அவள் காலையில் சாப்பிட மறுத்தாள். திங்கட்கிழமைகளில் வயிற்றுவலி என்றாள். ஒருநாள் இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தபோது, போர்வைக்குள் வெளிச்சம் தெரிந்தது. பிடுங்கிக்கொண்டு, வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் பதில் பேசவில்லை.

மறுநாள் முதல் எல்லாருடைய கைப்பேசியும் ஒன்பதரை மணிக்குக் கூடத்தில், காலணி அலமாரியின் மேல் இருக்கவேண்டும் என்று முடிவெடுத்தோம். முதல் வாரத்தில் அவள் நள்ளிரவில் எழுந்து வந்து அதன் முன்னால் நின்றாள். இம்முறை நான் திட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். வகுப்புத் தோழிகள் அவளை விட்டுவிட்டு வேறொரு குழு தொடங்கியிருந்ததையும், அதில் அவளைப் பற்றி எழுதப்படுவதை ஒருத்தி படமெடுத்து அனுப்பிக்கொண்டிருந்ததையும், அடுத்த படம் எப்போது வரும் என்று தான் விழித்துக் கிடந்ததையும் அப்போதுதான் சொன்னாள். பிறகு பள்ளி ஆலோசகர் சில வாரங்கள் அவளிடம் பேசினார். அது பெரிதும் உதவியது.

வேலைக்குப் போகும் தாய் கவனிக்கவில்லை என்று சிலர் இங்கே எழுதக்கூடும். இது நடந்தபோதெல்லாம் நான் அடுத்த அறையில்தான் இருந்தேன். 2026 ஜனவரி முதல் உயர்நிலைப் பள்ளிகளில் இடைவேளையிலும் இணைப்பாட நடவடிக்கையிலும்கூடத் திறன்பேசிக்குத் தடை இருப்பதை முழு மனத்துடன் வரவேற்கிறேன். ஆனால் பாடத்துக்காகப் பள்ளி வழியாகப் பெறும் மடிக்கணினி போன்ற கற்றல் சாதனம்தான் இரவு பத்தரை மணிக்குத் தானாக முடங்கும். நாம் வாங்கித் தந்தது முடங்காது.

ஆகவே, கடையிலிருந்து பெட்டியை வாங்கி வரும்போதே அது இரவில் எங்கே இருக்கும் என்பதையும் சொல்லிவிடுங்கள். காலையில் எழுப்ப அது வேண்டும் என்பாள். என் கணவரே அப்படித்தான் சொன்னார். ஆளுக்கொன்றாக மூன்று அலாரக் கடிகாரங்கள் வாங்கினோம்.