அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பன்னிரண்டு அப்போஸ்தலரும் ஆளுக்கொரு வாக்கியம் சொல்லி, கிறிஸ்தவ நம்பிக்கையைச் சுருக்கிச் சொல்லும் இந்த அறிக்கையை இயற்றியதாக ஞாயிறு பள்ளியில் கற்றோம். உண்மையா?

பதில்: இல்லை, அது பக்தியில் விளைந்த மரபுக்கதை. இத்தாலியின் அக்குயிலேயா நகரத்துத் திருச்சபை எழுத்தாளர் ரூஃபினுஸ் ஏறத்தாழ 404இல் இதற்கு எழுதிய விளக்கவுரையிலேயே, அப்போஸ்தலர்கள் பிரிந்து செல்லுமுன் கூடி இதை வகுத்ததாகச் சொல்லப்பட்டிருக்கிறது. எந்த வரி யாருடையது என்ற பங்கீடு அதற்கும் பிந்தியது. 15ஆம் நூற்றாண்டில் இத்தாலிய அறிஞர் லொரென்சோ வல்லா இக்கதையை வெளிப்படையாக மறுத்தார்.

கேள்வி: அப்படியானால் இதன் தோற்றுவாய் எது?

பதில்: ஞானஸ்நானத் தொட்டிதான். 3ஆம் நூற்றாண்டு ரோம மூப்பர் ஹிப்போலித்து எழுதியதாகக் கருதப்பட்டுவரும் பழைய திருச்சபை ஒழுங்கு நூலின்படி, தண்ணீரில் நிற்பவரிடம் பிதாவைக் குறித்தும், குமாரனைக் குறித்தும், பரிசுத்த ஆவியைக் குறித்தும் தனித்தனியே கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் அவர் "விசுவாசிக்கிறேன்" என்று சொன்ன பின்பே அவரை முழுக்குவார்கள். இக்கேள்விகளில், பிறப்பு முதல் நியாயத்தீர்ப்பு வரை சொல்லும் குமாரனைப் பற்றிய கேள்வியே மிக நீண்டது. இன்றைய பிரமாணத்தின் மூன்று பகுதிகளும், நடுப்பகுதி மட்டும் நீண்டிருப்பதும் இவ்வகைக் கேள்விகளிலிருந்து வந்தவையே. ஏறத்தாழ 340இல் அங்கீராவின் ஆயர் மார்செல்லுஸ் ரோம ஆயர் யூலியுஸுக்கு எழுதிய கடிதத்தில், கேள்வி வடிவம் நீங்கிய அறிக்கையாகவே இப்பிரமாணத்தின் பழைய ரோம வடிவைக் காண்கிறோம்.

கேள்வி: அக்காலத்தவர் இதை ஏட்டில் எழுதி வைத்துப் படித்தார்களா?

பதில்: எழுதக் கூடாது, மனப்பாடம் செய்யுங்கள் என்றே ஞானஸ்நானம் பெற இருந்தவர்களுக்கு வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீன் பிரசங்கித்தார். ஆயர் வாய்மொழியாக ஒப்படைப்பார். அவர்கள் சில நாள் கழித்து அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ரோம் நகரில் புகழ்பெற்ற சொற்கலை ஆசானாகிய விக்டோரினுஸ் மனந்திரும்பியபோது, கூச்சமாக இருந்தால் தனிமையில் சொல்லலாம் என்று மூப்பர்கள் சலுகை காட்டினார்கள்; அவரோ அதை மறுத்து, சபையார் தம் பெயரை மகிழ்ச்சியோடு முணுமுணுக்க, மேடையேறி அனைவர் முன்பும் அறிக்கையிட்டதாக அகுஸ்தீன் எழுதியிருக்கிறார்.

கேள்வி: "பாதாளத்தில் இறங்கினார்" என்ற வரி தொடக்கத்திலிருந்தே இருந்ததா?

பதில்: ரோமப் பிரமாணத்தில் அது இல்லை, தம் ஊரான அக்குயிலேயாவில்தான் உண்டு என்று ரூஃபினுஸே தெளிவாகக் குறிப்பிடுகிறார். "வானத்தையும் பூமியையும் படைத்த" என்பதும் பழைய ரோம வடிவில் கிடையாது. வாய்மொழியாக வழங்கிய ஒன்று ஊருக்கு ஊர் சற்று வேறுபட்டிருந்ததில் எனக்கு வியப்பில்லை. இன்று நாம் சொல்லும் முழு வடிவம் 8ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிர்மின் என்ற துறவியின் நூலில்தான் காணப்படுகிறது.

கேள்வி: பொந்தியு பிலாத்துவின் பெயர் எதற்கு?

பதில்: காலத்தைக் குறிக்க. இயேசுவின் பாடுகள் இன்ன ரோம ஆளுநரின் நாளில் நடந்தவை என்று உறுதிப்படுத்தவே முன்னோர் அதைச் சேர்த்தார்கள் என்பது ரூஃபினுஸின் விளக்கம். அதுவே எனக்கும் சரியாகப் படுகிறது.