மாரிக்கு முன் எந்தக் கடனைத் தொடுவது?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் சாவகச்சேரிப் பக்கம் இருக்கிறோம். கணவருக்கு மேசன் வேலை. ஐப்பசி தொடங்கினால் தை வரை வேலை அரைகுறைதான். இரண்டு பிள்ளைகள். நகைகள் வங்கியில் அடைவில் இருக்கின்றன. இரண்டு கம்பனிகளில் வாரக் கடன், கடைக் கொப்பியிலும் பாக்கி. ஒரு பெரிய கடன் எடுத்து எல்லாவற்றையும் அடைத்துவிடலாமா? 2022 பொருளாதார நெருக்கடி மாதிரி இன்னொரு தட்டுப்பாடு வந்தால் என்ற பயத்தில் சாமான் வாங்கி வைக்கவும் யோசிக்கிறேன். எதை முதலில் செய்வது?

பதில்: பெரிய கடன் வேண்டாம். உங்கள் வீட்டில் வருமானம் வருடம் முழுக்கக் குறைவில்லை, மூன்று நாலு மாதம்தான் நின்றுபோகிறது. ஆனால் வாரக் கடன்காரருக்கு மழையும் தெரியாது வெயிலும் தெரியாது. கார்த்திகையில் கட்டக் காசில்லாமல் போகும்போதுதான் மூன்றாவது கடன் வருகிறது. ஆகவே கார்த்திகை வருவதற்குள் வாரத் தவணைகளில் ஒன்றையாவது முடிப்பதுதான் முதல் வேலை.

எந்தக் கடன் கடுமையானது என்று முதலில் பாருங்கள். ஒரு இலட்சம் எடுத்து, முழுத் தொகைக்கும் 24 வீதம் வட்டி போட்டு, ஒரு வருடத்தில் கட்டச் சொன்னால் வாரம் கிட்டத்தட்ட 2,385 ரூபா வரும். கேட்க 24 வீதம்தான். ஆனால் முதல் வாரத்திலிருந்தே எடுத்த தொகையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்து வருகிறீர்கள். பாதி வருடம் போனபின் உங்கள் கையில் இருப்பது அரை இலட்சத்துக்குக் கிட்டத்தான், வட்டி மட்டும் முழு இலட்சத்துக்கு. குறைந்துவரும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் உண்மையான வட்டி நாற்பது வீதத்தைத் தாண்டும். பாஸ் புத்தகத்தை எடுத்து இன்றே பாருங்கள். முன்கூட்டியே முடித்தால் மிச்ச வட்டியைக் கழிப்பார்களா என்று கம்பனியில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

வங்கி அடைவின் வட்டி பெரும்பாலும் இதைவிடக் குறைவு. இருந்தும் எங்கள் ஆட்கள் கையில் காசு வந்தவுடன் நகையை மீட்கத்தான் ஓடுவார்கள். கழுத்து வெறுமையாகக் கிடந்தால் ஊர் பேசுமாம். வாரக் கடன் ஓடிக்கொண்டிருக்கும்போது நகையை மீட்பது நட்டக் கணக்கு. அடைவுக்கு வட்டியை மட்டும் தவணைக்குள் கட்டிப் புதுப்பியுங்கள். வங்கியில் உங்கள் முகவரியும் தொலைபேசி இலக்கமும் சரியா என்று பாருங்கள், ஏல அறிவித்தல் பழைய முகவரிக்குப் போய் நகையை இழந்தவர்கள் இருக்கிறார்கள். பவுண் விலை ஏறியிருந்தால் “மேலதிகமாக எடுக்கலாம்” என்று கவுண்டரில் சொல்வார்கள். எடுக்காதீர்கள்.

இன்னொரு வழி பலருக்குப் பிடிக்காது, ஆனாலும் சொல்கிறேன். அடைவில் இரண்டு மூன்று நகை இருந்தால், ஒன்றை மீட்டு விற்று, அந்தக் காசில் ஒரு வாரக் கடனை முழுதாக முடிக்கலாம். கஷ்டத்துக்கு உதவட்டும் என்றுதானே நகை சேர்த்தோம்? வெளிநாட்டில் சகோதரம் யாராவது இருந்தால், மாதாமாதம் கொஞ்சம் அனுப்பச் சொல்வதைவிட ஒரே தடவையில் இந்தக் கடனை அடைக்க உதவி கேளுங்கள்.

சாமான் விஷயம். தட்டுப்பாட்டுக்கு என்று தனியாக வாங்க வேண்டியதில்லை, மாரிக்கு வாங்குங்கள், அது இரண்டுக்கும் உதவும். நாளுக்கு ஒரு கிலோ அரிசி போகிற வீடென்றால் ஒன்றரை மாதத்துக்கு 45 கிலோ போதும். வேலை உள்ள ஒவ்வொரு கிழமையும் வழமையைவிட ஐந்து கிலோ கூட வாங்கினால் ஒன்பது கிழமையில் சேர்ந்துவிடும். ஈரம் படாத வாளியில், காய்ந்த வேப்பிலை போட்டு மூடி வையுங்கள். பருப்பு, உப்பு, செத்தல் மிளகாய் அளவாக. மாவை வறுத்து வையுங்கள், பச்சை மா மழைக்காலத்தில் தாங்காது. கடன் பட்டு மட்டும் சாமான் சேர்க்காதீர்கள்.

இப்போது பனம்பழக் காலம். விழுகிற விதையைப் பொறுக்கிப் பாத்தி போட்டால் தை மாசி அளவில் கிழங்கு. அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல், பச்சையாகக் காயவிட்டால் ஒடியல், இரண்டும் மாதக்கணக்கில் இருக்கும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணம் தாக்குப்பிடித்ததில் பனைக்குப் பெரிய பங்கு உண்டு. ஒடியல் மாவை ஊறவிட்டுப் பிழிந்த பிறகுதான் சமைக்க வேண்டும், இது பிள்ளைகளுக்குத் தெரியாமல் போய்க்கொண்டிருக்கிறது. வேலியில் முருங்கை நின்றால் வறைக்கு வாங்க வேண்டியதில்லை.

சிக்கனம் என்று தொடங்கினால் எங்கள் வீடுகளில் முதலில் குறைவது அம்மாவின் சாப்பாடு. அதைச் செய்யாதீர்கள். நீங்கள் படுத்தால் அந்த மாதச் செலவு எங்கே போய் நிற்கும் என்று யோசியுங்கள். வெட்ட வேறு இடங்கள் உண்டு. கரண்ட் பில்லில் மாதம் 60 அலகைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே கூடிய கட்டணம் விழும், நிலையான கட்டணமும் ஏறும். 62இல் நிற்கிற வீடு ஸ்திரிக்கைப் பெட்டியைக் குறைத்தாலே 60க்குள் வந்துவிடும். மீற்றரைக் கிழமைக்கு ஒருக்கால் பாருங்கள். ரியூசனில் எல்லாப் பாடமும் தேவையா என்று பிள்ளையிடமே கேளுங்கள். மகளின் பூப்புச் சடங்கான சாமத்தியவீட்டை வீட்டோடு செய்யலாம், போட்டோ அல்பத்துக்குக் கடன் எடுப்பது எனக்கு விளங்காத விஷயம்.

சீட்டுப் பிடிப்பதென்றால் தெரிந்த ஆட்களோடு குலுக்குச் சீட்டு மட்டும். தொகையில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து முன்னதாக எடுக்கும் கழிவுச் சீட்டு, அவசரக்காரருக்கு மறைமுக வட்டிதான். உங்கள் கிராமத்தில் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம் இயங்கினால் இப்போதே சேர்ந்து சிறு தொகை போட்டு வாருங்கள், அடுத்த மாரிக்கு அங்கே கேட்கலாம். அரசின் அஸ்வெசும உதவிப்பணம் கிடைக்கவில்லையென்றால் அடுத்த விண்ணப்பம், மேன்முறையீடு எப்போது என்று பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

கடைக்காரரிடம் மழை தொடங்குமுன்னே போய், பாக்கியில் ஒரு பகுதியைக் கொடுத்து, மிச்சத்தை மாசியில் தருகிறேன் என்று சொல்லி வையுங்கள். வட்டி இல்லாத ஒரே கடன் உங்களுக்கு அங்கேதான் இருக்கிறது.