அலுவலகக் கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைல்களை வீட்டிலிருந்து பாதுகாப்பாகத் திறக்கவும் மற்றவர்களுக்கு அனுப்பவும் எது நல்ல வழி?

கேள்விக்குக் கீழே, "ரௌட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்துவிட்டு ரிமோட் டெஸ்க்டாப் போட்டுக்கொள்ளலாம், செலவே இல்லை என்கிறார் எங்கள் சர்வீஸ் ஆள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதில். (போர்ட் என்றால் இணையத்திலிருந்து உள்ளே வர எண் போட்ட ஒரு கதவு; ரிமோட் டெஸ்க்டாப் என்றால் தூரத்திலிருந்தே அந்தக் கம்ப்யூட்டரின் திரையைத் திறந்து வேலை பார்க்க விண்டோஸில் இருக்கும் வசதி.) 2020 ஏப்ரலில் எனக்கும் ஒருவர் இதையே சொன்னார். நானும் தலையாட்டினேன்.

கரூரில் வரி ஆலோசகராக இருக்கிறேன். ஆடிட்டர் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாராவது வந்து கிளறுவார்கள். பெட்ஷீட் ஏற்றுமதிக்காரர்கள், கொசுவலை நெய்பவர்கள், பஸ் பாடி கட்டும் பட்டறைகள் என்று அப்போது நாற்பது பேரின் கணக்கு எங்களிடம் இருந்தது. எல்லாம் டேலி என்ற கணக்கு எழுதும் சாஃப்ட்வேரில், ஒரே கம்ப்யூட்டரில். ஊரடங்கு வந்ததும் நானும் என்னிடம் வேலை பார்த்த இரண்டு பேரும் வீட்டில் முடங்கினோம்.

சர்வீஸ் ஆள் எப்படியோ பாஸ் வாங்கிக்கொண்டு வந்தார். ரிமோட் டெஸ்க்டாப்பின் வழக்கமான போர்ட் 3389. "அது எல்லோருக்கும் தெரிஞ்ச நம்பர் சார், மாத்தி வைக்கிறேன்" என்று வேறொரு எண்ணைக் கொடுத்து ரௌட்டரில் திருப்பிவிட்டார். எனக்கு அது மகா கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது. இணையத்தில் இருக்கிற ஒவ்வொரு முகவரியையும் இரவு பகலாகத் தட்டிப் பார்க்கும் புரோகிராம்கள் உண்டு, எண்ணை மாற்றினால் அவற்றுக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை, அவ்வளவுதான் என்பது பிற்பாடு தெரிந்தது. பாஸ்வேர்ட், அலுவலகத்தின் பெயரும் 2020-உம். மூன்று பேருக்கும் அதே ஒன்று. சிரிக்கிறவர்கள் முதலில் தங்கள் வைஃபை பாஸ்வேர்டை நினைத்துப் பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும்.

ஏழு மாதம் அருமையாக ஓடியது.

அந்த வருடம் தீபாவளி சனிக்கிழமை. திங்கட்கிழமை காலையில் டேலியைத் திறந்தால் கம்பெனிப் பட்டியல் காலி. டேட்டா இருக்கும் இடத்துக்குப் போனேன். 10000, 10001 என்று எண் போட்ட ஃபோல்டர்கள் அப்படியே இருந்தன. உள்ளே .900 என்று முடிய வேண்டிய ஃபைல்கள் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு மின்னஞ்சல் முகவரியும் வாயில் நுழையாத ஒரு வாலும். கூடவே ஒரு நோட்பேட் ஃபைல்: ஃபைல்களைப் பூட்டிவிட்டோம், சாவி வேண்டுமானால் பிட்காயின் கொடு என்று. பேக்கப் இருக்கிறதே என்று எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைப் பார்த்தேன். அதன் நீல விளக்கு மினுக்மினுக்கென்று எரிந்துகொண்டிருந்தது. வாங்கிய நாளிலிருந்து அதை நாங்கள் கழற்றியதே இல்லை. அதிலும் அதே வால்.

விண்டோஸில் ஈவென்ட் வியூவர் என்று ஒன்று உண்டு. அதில் 4625 என்றால் தோற்றுப்போன லாகின். வெள்ளிக்கிழமை இரவிலிருந்து பக்கம் பக்கமாக அதுவேதான். சனிக்கிழமை மதியம், நாங்கள் இலை போட்டு உட்கார்ந்திருந்த நேரத்தில், நடுவே ஒரு 4624. ஆள் உள்ளே வந்தாயிற்று.

பணம் கொடுக்கவில்லை. வீரம் ஒன்றும் இல்லை; கொடுத்தால் சாவி வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது, அதனால்தான். காப்பாற்றியது அலுவலகத்தில் வேலை பார்த்த பெண். செப்டம்பரில் ஒரு பென் டிரைவில் பேக்கப் எடுத்து வீட்டுக்குக் கொண்டு போயிருந்தது. "ஆபீஸ் டேட்டாவை எதுக்கும்மா வெளியில கொண்டு போற?" என்று அப்போது நான் சத்தம் போட்டிருந்தேன். அந்தப் பென் டிரைவால் 26 பேர் கணக்கு வந்தது. மற்றவர்களுக்கு, நாங்களே தாக்கல் செய்த ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்கு, கொள்முதலுக்கு ஜிஎஸ்டி தளத்தில் இருக்கும் 2ஏ பட்டியல், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் இறக்கி மறுபடி ஏற்றினோம். ரொக்கச் செலவு வவுச்சர்கள்தான் உயிரை எடுத்தன. பொங்கல் வரை ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்றே எங்களுக்கு இல்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். இப்போது ரௌட்டரில் ஒரு போர்ட்டும் திறந்திருக்கவில்லை. டெயில்ஸ்கேல் போட்டிருக்கிறேன். அது வயர்கார்டு என்ற விபிஎன் முறையின் மேல் கட்டியது. விபிஎன் என்றால் இணையத்துக்குள்ளேயே நமக்கென்று போடும் பூட்டிய தனி வழி. அலுவலகக் கம்ப்யூட்டர், வீட்டு லேப்டாப் இரண்டுமே உள்ளிருந்து வெளியே போய்க் கைகோர்த்துக்கொள்ளும். வெளியிலிருந்து தட்டுகிறவனுக்குக் கதவே தெரியாது. இன்னொரு வசதி, தனி பொது ஐபி, அதாவது இணையத்தில் நமக்கென்று ஒரு முகவரி எண், தராத இணைப்பிலும் ஓடும். அந்த வழிக்குள் புகுந்த பிறகுதான் ரிமோட் டெஸ்க்டாப். ஆளுக்கொரு கணக்கு, போனில் வரும் இரண்டாவது உறுதிப்பாடு, பத்து முறை தப்பாகப் போட்டால் பூட்டு. யூடியூபில் விளம்பரம் வருகிற விபிஎன் வேறு. அது உங்கள் ஐபி முகவரியை மறைக்க, உங்கள் அலுவலகத்துக்குள் போக அல்ல. அதைச் சந்தா கட்டி வாங்கிவிட்டு என்னிடம் வழி கேட்டவர்கள் உண்டு.

"ஃபோல்டரை ஷேர் பண்ணி நேரா நெட்ல விட்டா என்ன?" என்று கேட்டுவிடாதீர்கள். 2017 மே மாதம் உலகத்தையே ஆட்டிய வான்னாகிரை, இதே மாதிரி ஃபைலைப் பூட்டிப் பணம் கேட்ட புரோகிராம், புகுந்தது விண்டோஸின் அந்த ஃபைல் ஷேரிங் வழியாகத்தான். மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே மருந்து கொடுத்திருந்தது, போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

கூகுள் டிரைவ் போதாதா என்றால், பிடிஎஃப், எக்செல் மட்டும் என்றால் தாராளமாகப் போதும். வாடிக்கையாளர்களுக்குக் கணக்கு அறிக்கைகளை நானும் அதில்தான் அனுப்புகிறேன். ஆனால் லிங்க் வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம் என்ற அமைப்பில் விடுவதில்லை. அவரவர் மின்னஞ்சலுக்கு மட்டும் அனுமதி, வேலை முடிந்ததும் எடுத்துவிடுவேன். ஓடிக்கொண்டிருக்கும் டேலி டேட்டாவை மட்டும் டிரைவ் ஃபோல்டருக்குள் வைக்காதீர்கள். இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் திறந்தால் டேட்டா கெடும். தவிர, பூட்டப்பட்ட ஃபைலையும் அது சமத்தாக மேலே ஏற்றிவிடும். பழைய பதிப்பை 30 நாள் வைத்திருக்கும் என்பது உண்மைதான், ஆயிரக்கணக்கான ஃபைலை ஒவ்வொன்றாகத் திருப்பப் பொறுமை வேண்டும்.

பேக்கப்புக்கு இரண்டு டிஸ்க். ஒன்று எப்போதும் என் வீட்டு பீரோவில்.

இப்போது ஒருவர் வந்து "சொந்த சர்வரிலேயே ஃபைல் வைத்துக்கொள்ள நெக்ஸ்ட்கிளவுட் போட வேண்டியதுதானே, டெயில்ஸ்கேலும் அடுத்தவன் சர்வரை நம்புவதுதானே" என்பார். வாஸ்தவம்தான் ஐயா. உங்களுக்கு லினக்ஸ் தெரியும், அப்டேட் போடுவீர்கள். நான் போட மாட்டேன், மறந்துவிடுவேன். எனக்குப் பராமரிக்கத் தெரிந்ததைத்தான் நான் வைத்துக்கொள்ள முடியும்.

இதோடு சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இத்தனை செய்த பிறகு ஒரு பட்டறைக்காரர், "இப்பெல்லாம் நீங்க வீட்ல உக்காந்துதான பாக்கறீங்க, ஆபீஸ் வாடகை மிச்சம், ஃபீஸைக் குறைங்க" என்றார். வாடகை மிச்சமாம்! அந்த நவம்பரில் அவருடைய இரண்டு வருட வவுச்சரைத்தான் பொங்கல் வரை உட்கார்ந்து ஏற்றினோம், ஒரு ரூபாய் கூடுதலாகக் கேட்கவில்லை. பத்து சதவீதம் குறைத்துக்கொண்டேன், என்ன செய்ய, ஒரே தெரு. அவருக்கென்று தனி டிரைவ் ஃபோல்டர் போட்டு, அவர் மகனை உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். இன்றைக்குக் காலையிலும் பில் எல்லாம் வாட்ஸப்பில்தான் வந்தது, பக்கவாட்டில் திரும்பி, ஓரத்தில் அவர் கட்டைவிரலோடு.