ராணுவ ஓட்டுநர் உரிமத்தைக் காட்டி லாரி உரிமம் பெற முடியுமா?

கேள்வி: ராணுவத்தில் 17 ஆண்டுகள் ஓட்டுநராகப் பணியாற்றி, ஓய்வு பெற்று ஏழு ஆண்டுகள் ஆகின்றன. லாரி ஓட்ட உரிமம் கேட்டுப் போனால், ‘பழைய லைசென்ஸ் முடிந்து ஐந்து வருடம் தாண்டிவிட்டது, மறுபடியும் வண்டி ஓட்டிக் காட்ட வேண்டும்’ என்கிறார்கள். இது சரிதானா?

பதில்: சரியில்லை. அப்படிச் சொன்னவர் சட்டத்தில் ஒரு வரி தள்ளிப் படித்திருக்கிறார். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 9(3) பிரிவு, ஓட்டுநர் தேர்வு யாருக்குத் தேவையில்லை என்று தனித்தனியாகச் சொல்கிறது. சாதாரண உரிமம் வைத்திருந்தவருக்கு அது காலாவதியாகி ஐந்து ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்ற கெடு உண்டு. ஆனால் அதற்கு அடுத்த வரி, 18-ஆம் பிரிவின் கீழ் உரிமம் வைத்திருப்பவரையோ முன்பு வைத்திருந்தவரையோ பற்றிப் பேசும்போது அந்தக் கெடுவைக் குறிப்பிடவில்லை. ராணுவ வாகனங்களை ஓட்ட உங்களுக்கு வழங்கப்பட்டது அந்த 18-ஆம் பிரிவு உரிமம்தான்.

அதே பிரிவு, அந்த உரிமத்தை வைத்துக்கொண்டு பாதுகாப்புப் பணிக்கான அரசு வாகனங்களைத் தவிர வேறெதையும் ஓட்டக் கூடாது என்றும் சொல்கிறது. ஆகவே புதிய உரிமம் கைக்கு வரும்வரை, நண்பரின் லாரியாக இருந்தாலும் ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள்.

விலக்கு கிடைக்குமா என்பது பெரும்பாலும் ஒரே ஒரு சொல்லில் இருக்கிறது: நீங்கள் கேட்கும் ‘அதே வகை’ வாகனத்துக்கான உரிமம் உங்களிடம் இருந்திருக்க வேண்டும். பனிமலைப் பாதையில் ஆண்டுக்கணக்கில் ஸ்டாலியன் லாரி ஓட்டிய அனுபவம் எவ்வளவு பெரியதானாலும், கவுன்ட்டரில் இருப்பவர் பார்ப்பது உரிமத்தில் எழுதியிருக்கும் வகையை மட்டுமே. அதில் கனரக வாகனம் என்று இருந்தால் உங்கள் வாதம் வலுவானது. இலகுரக வாகனம் என்று மட்டும் இருந்தால் கனரக லாரிக்கு அது உதவாது. டாங்கி போன்ற சங்கிலிச் சக்கர வண்டிகள் மட்டுமே இருந்தால், அவற்றுக்கு ஈடான வகை சிவில் உரிமத்தில் இல்லை. உரிமப் புத்தகம் தொலைந்திருந்தால், ஓய்வின்போது தந்த டிஸ்சார்ஜ் புக்கை மட்டும் நம்பிப் போகாமல், உரிம எண், வாகன வகை, செல்லுபடியான காலம் ஆகிய மூன்றும் உள்ள சான்றிதழை உங்கள் படைப்பிரிவின் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸுக்கு எழுதி வாங்குங்கள். மாநில அரசு கேட்டால், உரிமம் வழங்கிய ராணுவ அதிகாரி விவரம் தர வேண்டும் என்பதும் 18-ஆம் பிரிவிலேயே இருக்கிறது.

தேர்வுக்குத்தான் விலக்கு, மருத்துவச் சான்றிதழுக்கு இல்லை. பதிவு பெற்ற மருத்துவரிடம் படிவம் 1ஏ-வில் சான்றிதழ் வாங்கி, உரிம விண்ணப்பத்துடன் இணையுங்கள். எட்டாம் வகுப்புச் சான்றிதழ் கேட்டால், அந்த நிபந்தனை 2019-இலேயே நீக்கப்பட்டுவிட்டது என்று சொல்லுங்கள்.

அதன் பிறகும் மறுத்தால், வாக்குவாதம் வேண்டாம். மறுப்பை எழுத்தில் கேளுங்கள். காரணத்தை எழுதி ஆணையாகத் தர வேண்டும் என்கிறது 17-ஆம் பிரிவு. அந்த ஆணை கிடைத்த 30 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். எழுதித் தரச் சொன்னதுமே சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பவர்களும் உண்டு.

பெட்ரோல் டாங்கர் ஓட்டும் எண்ணம் இருந்தால், போக்குவரத்து வாகன உரிமம் மட்டும் போதாது. அபாயகரமான சரக்குகளை ஏற்றிச் செல்வதற்கான மூன்று நாள் பயிற்சியை முடித்து, அதற்கான அனுமதிக் குறிப்பையும் உரிமத்தில் பெற வேண்டும்.