மழைநீர் வேதியியலில் மேற்படிப்பு: டெல்லித் தாயார் ஒருவருக்குப் பதில்

உங்கள் மகள் பி.எஸ்சி. வேதியியல் கடைசி வருடம் போகிறார். மழையும் பனியும் காட்டுக்குள் கொண்டுசேர்க்கும் நைட்ரஜன், கந்தகம், கால்சியம் ஆகியவற்றை அளக்கும் துறைக்குத்தான் போவேன் என்கிறார். "பெண்ணைக் காடு மலைக்கு அனுப்பவா வேதியியல் படிக்க வைத்தோம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

காட்டில் கழியும் நேரம் குறைவுதான். வாரத்துக்கு ஒருமுறையோ பதினைந்து நாளுக்கு ஒருமுறையோ போய், குழுவாக மாதிரி எடுத்து வருவார்கள். மற்ற நாளெல்லாம் ஆய்வகமும் கணக்கும்தான். அந்தப் பொறுமை மகளுக்கு இருக்கிறதா என்பதே முக்கியமான கேள்வி. அதை உங்கள் மொட்டை மாடியிலேயே, இந்தப் பருவமழையிலேயே பார்த்துவிடலாம்.

20 செ.மீ. விட்டமுள்ள பிளாஸ்டிக் புனல் ஒன்று, 5 லிட்டர் பிளாஸ்டிக் கேன் ஒன்று போதும். கண்ணாடிப் பாத்திரம் வேண்டாம்; அதிலிருந்து சோடியம் கசியும். கேனைக் கறுப்புத் துணியால் சுற்ற வேண்டும். வெயில் பட்டால் பாசி பிடித்து மழையில் உள்ள அம்மோனியத்தை (நைட்ரஜனின் ஒரு வடிவம்) தின்றுவிடும். புனலின் கழுத்தில் நைலான் வலை, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரம், தண்ணீர்த் தொட்டியும் சுவரும் மறைக்காத இடம். புனலின் வாய் 314 சதுர செ.மீ. என்பதால் 10 மி.மீ. மழைக்கு 314 மி.லி. சேர வேண்டும். குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது, இல்லை ஆவியாகிறது.

புனலைக் கழுவ, கரைந்த உப்புகளை நீக்கிய டீஅயனைஸ்டு வாட்டர் மட்டும். நைட்ரிக் அமிலத்தில் கழுவினால் அந்த நைட்ரேட்டே மாதிரியில் ஏறி நிற்கும். வெறுங்கையால் உள்பக்கம் தொட்டால் வியர்வையின் உப்பு சேரும். டெல்லி மாடிகளில் புறாத் தொல்லை அதிகம். ஒரு சொட்டு எச்சம் விழுந்தாலே பாஸ்பேட்டும் அம்மோனியமும் தாறுமாறாக ஏறிவிடும். அந்த மாதிரியைக் கொட்டிவிட்டுக் குறிப்பேட்டில் காரணத்தை எழுத வேண்டும். மனசு வராமல் வைத்துக்கொள்கிறவர்களுக்கு இந்த வேலை ஒத்துவராது.

அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். மீட்டரை (எண் குறைந்தால் அமிலம் அதிகம்) 4, 7 என்று அளவு தெரிந்த இரண்டு பஃபர் கரைசல்களிலும் சரிபார்த்த பிறகே மழைநீரில் வைக்க வேண்டும். மழைநீரில் அயனிகள், அதாவது மின்னேற்றத்தோடு கரைந்திருக்கும் துகள்கள், குறைவு என்பதால் முள் நிலைக்குவரச் சில நிமிடம் ஆகும்; அவசரப்பட்டால் தப்பான எண் கிடைக்கும். கரியமில வாயு மட்டும் கரைந்த சுத்தமான மழைக்கு 5.6 வரும். டெல்லியில் புழுதியின் கால்சியம் அமிலத்தைச் சமன்செய்வதால் பல நேரம் அதைவிடக் கூடுதலாகவே வரும். இதே காரணத்தால், அயனிகளைப் பிரித்து அளக்கும் அயன் குரோமட்டோகிராஃபி கருவியின் முடிவில் நேர், எதிர் அயனிகளைக் கூட்டும்போது எதிர் அயனிகள் குறைவது போலத் தெரியும். அந்தக் கால்சியத்தோடு வரும் பைகார்பனேட் என்ற எதிர் அயனியைச் சேர்க்க மறந்திருப்பார்கள்.

மழை ஒரு ஹெக்டேரில் எவ்வளவு கொண்டுசேர்த்தது என்ற கணக்கு எளிது: லிட்டருக்கு மில்லிகிராமை மழையின் மி.மீட்டரால் பெருக்கி 100-ஆல் வகுத்தால் ஹெக்டேருக்குக் கிலோ. ஆனால் நைட்ரேட்டை நைட்ரஜனாக மாற்ற 14/62-ஆல் பெருக்க வேண்டும். அதை விட்டால் விடை நாலரை மடங்கு பெருத்துப்போகும்.

காட்டில் இன்னும் சிக்கல். திறந்த வெளியில் ஒரு புனல் போதலாம். மரத்தடியில் இடத்துக்கு இடம் சொட்டுவது மாறும் என்பதால் பத்துப் பதினைந்து வைப்பார்கள். இலையிலிருந்தே பொட்டாசியம் கரைந்து வரும். நைட்ரஜனையோ இலை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே மரத்தடி எண்ணை மட்டும் வைத்துக் காற்றிலிருந்து வந்தது இவ்வளவு என்று சொல்ல முடியாது. இமயமலைப் பனியில் புனல் அடைத்துக்கொள்ளும், காற்று பனியை வாய்க்கு வெளியே தள்ளிவிடும். அங்கே அகன்ற வாளி வைப்பார்கள், அல்லது பனியைக் குழாயால் குத்தி எடுத்து, மூடிய பையில் உருகவிடுவார்கள்.

இதெல்லாம் மகளுக்குச் சலிக்கவில்லை என்றால் தயங்காமல் அனுப்புங்கள். வீட்டிலிருந்தே போய்வரும் தூரத்தில் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் (ஜே.என்.யு.) சுற்றுச்சூழல் அறிவியல் பள்ளி இருக்கிறது, எம்.எஸ்சி. சேர்க்கை சி.யு.இ.டி. என்ற பொது நுழைவுத் தேர்வின் முதுநிலைப் பிரிவு வழியாக, அதற்கு விண்ணப்பம் டிசம்பர், ஜனவரி வாக்கில் வரும். பிறகு நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. அது இல்லாமல் கிடைக்கும் ப்ராஜெக்ட் வேலைகள் ஒப்பந்த அடிப்படையில்தான். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். இதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

பிஎச்.டி. வேண்டாம் என்றாலும் கையில் தொழில் இருக்கும். அயன் குரோமட்டோகிராஃபியை இயக்கவும் பழுது கண்டுபிடிக்கவும் தெரிந்தவர்களுக்குக் குடிநீர், மருந்து, சுற்றுச்சூழல் பரிசோதனைக் கூடங்களில் இடம் உண்டு. எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது, அந்தக் கருவியை மாணவர்களே இயக்குகிறார்களா, இல்லை மாதிரியை வெளியே அனுப்பி எண்ணை மட்டும் வாங்குகிறார்களா என்று அங்கே படிக்கும் மாணவர்களிடம் மகளைக் கேட்கச் சொல்லுங்கள்.