பயிற்சியில் 2:28, போட்டியில் 2:35: வெறி இல்லாததுதான் காரணமா?

கேள்வி: கடலூர் அண்ணா விளையாட்டரங்கத்தில் என் 16 வயது மகள் 800 மீட்டர் பயிற்சி எடுக்கிறாள். பயிற்சியில் 2:28 ஓடுபவள், மாவட்டப் போட்டியில் 2:35க்குப் போய்விடுகிறாள். 'ஜெயிக்கணும்ங்கற வெறி இல்லை' என்கிறார்கள். அதை எப்படி வளர்ப்பது?

பதில்:

போட்டியில் அவள் ஒவ்வொரு 200 மீட்டரையும் எத்தனை செகண்டில் கடந்தாள் என்று யாராவது குறித்தார்களா? முதலில் அதைப் பாருங்கள். இப்படி ஏழு செகண்ட் நழுவும் ஓட்டம் பெரும்பாலும் 32, 37, 42, 44 என்றுதான் இருக்கும். கூட்டினால் 2:35. இது வெறி கூடிப்போன ஓட்டம். துப்பாக்கிச் சத்தம் கேட்ட படபடப்பில் 32 செகண்ட் வேகம் லேசாகத்தான் தெரியும். ஐந்நூறு மீட்டர் தாண்டியதும் கால் கட்டிக்கொள்ளும், தோள் காதுவரை ஏறும், கை வீச வராது. அதே பெண் 35.5, 37, 38, 37.5 என்று ஓடினால் 2:28 வந்துவிடும்.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் கென்யாவின் டேவிட் ருடிஷா 800 மீட்டரை 1:40.91ல் ஓடி உலக சாதனை படைத்தபோது முதல் சுற்று (400 மீட்டர்) 49.28, இரண்டாவது சுற்று 51.63. அவருக்கே இரண்டாவது சுற்று மெதுவாகத்தான் இருந்தது. கடைசி நூறு மீட்டரில் ஒருத்தி முந்திக்கொண்டு போகும்போது 'அவளிடம் இன்னும் பலம் இருக்கிறது' என்று உங்கள் மகள் மனசு விட்டுவிடுவாள். உண்மையில் பெரும்பாலும் முந்திப் போகிறவளும் தளர்ந்துகொண்டுதான் வருகிறாள், கொஞ்சம் குறைவாக. இந்த ஒன்றைப் புரிய வைத்தாலே பாதிப் பயம் போய்விடும்.

சரி, இதை எப்படிப் பழக்குவது? பயிற்சியாளரிடம் சொல்லி வாரம் ஒரு நாள் 'நேரம் சொல்லும்' பயிற்சி வைக்கச் சொல்லுங்கள். கையில் வாட்ச் இல்லாமல் 200 மீட்டரைப் போட்டி வேகத்தில் ஓட வேண்டும். முடித்ததும், ஸ்டாப்வாட்சைக் காட்டுவதற்கு முன்பே எத்தனை செகண்ட் என்று அவளே சொல்ல வேண்டும். ஆறு முறை, நடுவில் மூன்று நிமிட ஓய்வு. தொடக்கத்தில் இரண்டு மூன்று செகண்ட் தவறும். விடாமல் செய்தால் அரை செகண்டுக்குள் வந்து நிற்கும். வேகம் உடம்புக்குத் தெரிந்துவிட்ட பிள்ளை, பக்கத்தில் யார் பாய்ந்து போனாலும் கூடவே பாயாது. நான் போட்டி மனம் என்று சொல்வது இந்த நிதானத்தைத்தான்.

வெறி வேண்டிய இடமும் இருக்கிறது. கடைசி 150 மீட்டர். அதற்குத் துரத்தல் பயிற்சி: வேகத்தில் சமமான ஒருத்தியை 10 மீட்டர் முன்னால் விட்டு, 300 மீட்டருக்குள் பிடிக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை இவள் முன்னால், அவள் பின்னால். பின்னால் காலடிச் சத்தம் கேட்கும்போது திரும்பிப் பார்க்காமல் ஓடுவதைத் தனியாகப் பழக வேண்டும். திரும்பும்போது தோள் திருகும், காலடி நீளம் குறையும்.

வளைவில் முந்துவதுதான் அடுத்த பெரிய தவறு. ஒரு லேன் அகலம் 1.22 மீட்டர். ஒரு வளைவு முழுக்க இரண்டாவது லேனில் ஓடினால் சுமார் 3.8 மீட்டர் கூடுதல், அவள் வேகத்தில் 0.7 செகண்ட். எண்ணூறில் வளைவு நான்கு. வளைவில் முன்னால் ஓடுபவளின் தோளை ஒட்டியே வந்து, நேர்ப்பாதை தொடங்கியதும் முந்தச் சொல்லுங்கள். உள்ளே மாட்டிக்கொண்டால் முழங்கையால் தள்ளக் கூடாது, தகுதி நீக்கம் செய்துவிடுவார்கள். அரைக் காலடி பின்வாங்கி வெளியே வருவதையும் மூன்று பேரை வைத்துப் பழகலாம்.

தினமும் தோழிகளோடு பந்தயம் வைத்து ஓடுவது போட்டி மனத்தை வளர்க்காது. முழங்கால் கீழ் எலும்பு வலியும் சலிப்பும்தான் மிஞ்சும். முழு வேகம் வாரத்துக்கு இரண்டு நாள் போதும். வேண்டுமானால் மாதம் ஒரு முறை புதுச்சேரிக்கு பஸ் ஏற்றி, அனுமதி வாங்கி, உப்பளம் இந்திரா காந்தி விளையாட்டரங்கத்தில் முகம் தெரியாத பிள்ளைகளோடு ஓட வையுங்கள். அங்கே தோற்றாலும் பரவாயில்லை.

பயிற்சியிலும் ஓட்டம் மெதுவாகிக்கொண்டே போனால் மனசைக் குறை சொல்லாமல் ரத்தத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். இந்த வயதுப் பெண்களுக்கு 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. எவ்வளவு அறிவுரை சொன்னாலும் கடைசி 200 வராது.

போட்டி அன்று: மூன்று மணி நேரம் முன்பே இட்லி, பழகிய ஷூ. 45 நிமிடம் முன்பு வார்ம் அப், கடைசியில் 80 மீட்டர் நான்கு ஓட்டம். நம்மூரில் நேரப்படி ஹீட்ஸ் (தகுதிச் சுற்று) தொடங்குவது அபூர்வம். வார்ம் அப் முடித்துவிட்டு வெயிலில் அரை மணி உட்கார்ந்தால் எல்லாம் வீண். நிழலில் இருந்துவிட்டு, பெயர் கூப்பிட்டதும் மறுபடி இரண்டு ஓட்டம் ஓட வேண்டும். நெஞ்சு படபடத்தால் நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடட்டும், எட்டு முறை. 'டென்ஷன் ஆகாதே' என்று மட்டும் சொல்லாதீர்கள். அதுவரை இல்லாத டென்ஷன் வந்துவிடும்.

நீங்கள் நிற்க வேண்டிய இடம் முடிவுக்கோட்டில் இல்லை, 600 மீட்டர் திரும்பும் இடத்தில், கம்பி வேலிக்கு வெளியே. 'விடாதே, ஓடு' என்றால் தோள் இன்னும் இறுகும். 'கையை வீசு' என்ற ஒரே வார்த்தை போதும். பாசத்தில் கூடவே ஓடிவிடாதீர்கள். வெளியாள் வேகம் கொடுத்தார் என்று அவளைத்தான் எச்சரிப்பார்கள், தொடர்ந்தால் தகுதி நீக்கமும் செய்யலாம்.