உடம்புக்கு என்னவென்றே புரியவில்லை, பார்க்க டாக்டரும் இல்லை. எப்படிச் சமாளிப்பது?

ஆறு மாதமாகத் தலைசுற்றல், படபடப்பு, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, டாக்டரிடம் போய்வரப் பணமும் இல்லை நேரமும் இல்லை, வீட்டிலும் யாரும் நம்புவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. உங்களுக்கு என்ன நோய் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் என் அம்மா இரண்டு வருடம் இதே நிலையில் இருந்தார். கூட இருந்து பார்த்ததை எழுதுகிறேன்.

நாங்கள் இருந்தது வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில். அம்மா கொழுந்து பறிக்கிறவர். பொள்ளாச்சிக்குப் போக 40 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். காலையில் கிளம்பினால் திரும்பி வர இருட்டிவிடும், அன்றைய சம்பளமும் போய்விடும். அதனால் எது வந்தாலும் எஸ்டேட் டிஸ்பென்சரிதான்.

2013-இல் அம்மாவுக்கு 43 வயது. கொழுந்து மூட்டையோடு மேடு ஏறும்போது பாதியில் நிற்க ஆரம்பித்தார். அப்புறம் ராத்திரியில் காலுக்குள் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்று எழுந்து எழுந்து நடந்தார். தலைமுடி கொட்டியது, நகம் பிளந்தது. ரேஷன் அரிசியை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பச்சையாக மென்றார். நாங்கள் அதை ஒரு கெட்ட பழக்கம் என்று நினைத்துத் திட்டினோம்.

கம்பவுண்டர் சத்து மாத்திரையும் வலி மாத்திரையும் கொடுத்தார். வாரம் ஒருமுறை டாக்டர் வருவார், வெளியே வரிசை நிற்கும். "என்ன பண்ணுது?" என்பார். "உடம்புக்கு முடியலைங்க" என்பார் அம்மா. அதற்குமேல் அவருக்குச் சொல்லத் தெரியாது, கேட்க டாக்டருக்கு நேரம் இருக்காது. பக்கத்து வீட்டு ஆச்சி, ஓடைப் பக்கம் பயந்திருப்பாள் என்று கயிறு மந்திரித்துக் கட்டினார். சூப்பர்வைசர், வேலைக்குச் சோம்பல் என்றார். எதையும் தாங்கிக்கொண்ட அம்மா இந்தச் சொல்லில் உடைந்துபோனார். ஒரு ராத்திரி என்னிடம், "நெசமாவே நான்தான் நடிக்கிறேனா பாப்பா?" என்று கேட்டார். உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு அந்தக் குரல்தான் கேட்டது. காரணம் தெரியவில்லை என்பதால் உபாதை பொய்யாகிவிடாது. இதை மட்டும் யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

2015 கோடை விடுமுறையில் கல்லூரியிலிருந்து வந்திருந்தேன். வேறு வழி தெரியாமல் ஒரு பழைய நோட்டில் எழுத ஆரம்பித்தேன். படபடப்பு எத்தனை மணிக்கு, அப்போது என்ன செய்துகொண்டிருந்தார், அதற்கு முன் என்ன சாப்பிட்டார், எவ்வளவு நேரத்தில் சரியானது. தேதி போட்டு, தினமும். நான் கல்லூரிக்குத் திரும்பிய பிறகு தம்பி எழுதினான். இரண்டு மாதம் ஆனதும் ஒன்று கண்ணில் பட்டது. மாதத்தில் ஒரு பத்துப் பன்னிரண்டு நாள் ரொம்ப மோசம், பிறகு கொஞ்சம் தேவலை, மறுபடி மோசம். தனியாக உட்காரவைத்துக் கேட்டேன். தீட்டு எட்டு ஒன்பது நாள் நிற்காமல் போகிறது, கட்டி கட்டியாகப் போகிறது என்றார். ஏன் சொல்லவில்லை என்றதற்கு, "கம்பவுண்டர் ஆம்பள, டாக்டர் ஆம்பள, பின்னாடி வரிசையில எல்லாரும் நிக்கிறாங்க. நிக்கப்போற வயசுல இப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றார்.

அந்த வாரம் அங்கன்வாடிக்குத் தடுப்பூசி போட வந்த கிராம சுகாதார செவிலியரிடம் நோட்டைக் காட்டினோம். ஒரு பக்கம்தான் படித்தார். அம்மாவின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். "காகிதம் மாதிரி வெளுத்திருக்கே அக்கா. அரிசி தின்னத் தோணுதா?" என்றார். அம்மா அங்கேயே அழுதுவிட்டார். இரண்டு வருடத்தில் அதைத் திட்டாமல் கேட்ட முதல் ஆள் அவர்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 6.8. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை, 8-க்குக் கீழே கடுமையானது. பொள்ளாச்சி அரசு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்ததில் கர்ப்பப்பையில் நார்க்கட்டி, அதனால்தான் அவ்வளவு ரத்தப்போக்கு. டிரிப்பில் இரும்புச்சத்து ஏற்றி, பிறகு மாதக்கணக்கில் மாத்திரை. அரிசி தின்னும் ஆசை சில வாரங்களிலேயே போய்விட்டது. சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது, ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் நன்றாகச் சேரும் என்று செவிலியர் சொன்னார். மாத்திரையைவிட இந்த டீ விஷயத்துக்குத்தான் அம்மாவைச் சம்மதிக்க வைக்க நாளானது.

உங்களுக்கும் ரத்தசோகைதான் என்று சொல்லவரவில்லை. தைராய்டு, சர்க்கரை, பி12 குறைவு, இதயக் கோளாறு, தீராத மனக்கவலை என எதிலும் இதே மாதிரி வரலாம். வீட்டில் இருந்துகொண்டு நோய்க்குப் பெயர் கண்டுபிடிக்கப் போராடாதீர்கள், அது நம்மால் ஆகாது. நடப்பதைச் சரியாகக் குறித்துவைப்பது நம்மால் ஆகும். டாக்டரோடு கிடைப்பது இரண்டே நிமிடம் என்றால், "முடியலைங்க" என்பதற்குப் பதில் ஒரு தாளை நீட்டுங்கள். சொல்லக் கூச்சப்படுவதை முதல் வரியாக எழுதுங்கள்.

காத்திருக்கக் கூடாதவையும் உண்டு. வியர்வையோடு நெஞ்சு அழுத்தம், முகமோ கை காலோ ஒரு பக்கம் இழுப்பது, பேச்சுக் குழறுவது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல், நினைவு தப்புவது, ரத்த வாந்தி, தார் மாதிரி கறுப்பாக மலம் போவது. (இரும்பு மாத்திரை சாப்பிடும்போதும் மலம் கறுக்கும். தார் மாதிரிப் போவது வேறு, அது பிசுபிசுவென்று நாற்றமடிக்கும்.) இவற்றில் எது வந்தாலும் நோட்டை மூடிவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், மலைப்பாதையில் அந்த நேரம் சீக்கிரம் கரைந்துவிடும். தரையில் படுத்தவர் விடியற்காலையில் வயிற்றுவலியோடு எழுந்து கண் இமையைத் தூக்க முடியாமல் தவித்தால், கடிவாய் தெரியாவிட்டாலும் கட்டுவிரியன் கடித்திருக்கலாம். அப்போதும் ஓட வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் அவசரமாக ஓட வேண்டாம், ஆனால் சளிப் பரிசோதனை செய்தாக வேண்டும். அரசு நிலையங்களில் அது இலவசம்.

மெடிக்கலில் "ஒரு செட் மாத்திரை" வாங்கிப் போடுவதை நிறுத்துங்கள். சில செட்டில் ஸ்டீராய்டு இருக்கும். இரண்டு நாள் தெம்பாக இருக்கும், உள்ளே இருப்பது மறைந்துகொள்ளும். வலி மாத்திரையைத் தொடர்ந்து போட்டால் வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசியலாம். அம்மா இரண்டு வருடம் அப்படித்தான் போட்டார். நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அன்றைக்கு எங்களுக்குத் தெரியாத சில வழிகள் இன்று இருக்கின்றன. 104-க்குப் போன் செய்தால் இலவசமாக மருத்துவ ஆலோசனை கிடைக்கும். இ-சஞ்சீவனி என்ற அரசு செயலியில் செல்போன் வழியாகவே டாக்டரைப் பார்க்கலாம், மருந்துச் சீட்டும் அதிலேயே வரும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். சிக்னல் கிடைக்காத இடமென்றால் செவிலியர்தான் வழி. பெரும்பாலும் புதன்கிழமை தடுப்பூசி நாள். உங்கள் ஊருக்கு எப்போது வருகிறார் என்று அங்கன்வாடியில் கேட்டுவையுங்கள். அதுவரைக்கும் இன்றைய தேதி போட்டு எழுத ஆரம்பியுங்கள், இன்று காலை எத்தனை படி ஏறியதும் நின்றீர்கள் என்பதிலிருந்து.